ஓணானுக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல்

ஓணானுக்கு வீடு கட்டத் தெரிந்த ஆள் அந்தக் காலத்தில் காரைக்குடியில் நான் ஒருத்தன்தான். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன். பெரிய பெரிய வீடு கட்டியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. இந்த வாசலில் நுழைந்தால் அடுத்த தெருவில் போய் வெளியே வரலாம், அப்படி வீடுகள். ஆனால் ஒரு ஓணான் உள்ளே இருந்து சாப்பிட்டு, வெயில் காய்ந்து, நல்லபடியாகப் பிழைத்துக் கிடக்கிற மாதிரி ஒரு வீடு கட்டு என்றால் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைத்தான், பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஓணான் விஷயத்தில் தப்பு இருக்காது.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு கிட்டங்கியில் சரக்குப் பார்க்கிற வேலையில் இருந்தேன். கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம். சுண்ணாம்பு, சிமெண்டு, ஓடு, ஆத்தங்குடிக் கல் என்று வீடு கட்டுகிற சாமான் எல்லாம் அங்கே வந்து இறங்கும். ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்காத பிள்ளைகளும் இருப்பீர்கள். பக்கத்தில் ஆத்தங்குடி என்ற ஊரில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிச் செய்கிற தரைக்கல் அது. பூப்போட்டுப் பளபளவென்று இருக்கும். நாலு கல்லைச் சேர்த்துப் பதித்தால்தான் ஒரு பூ முழுசாகும். சித்திரை வெயிலில் வெளியே காலை வைக்க முடியாத நேரத்திலும் அந்தக் கல்லில் காலை வைத்தால் தலை வரைக்கும் குளிர்ச்சி ஏறும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் அதைத் தேடித் தேடிப் போட்டார்கள். நாள் முழுக்க அந்தக் கல்லை ஏற்றி இறக்குகிற எனக்கு வீட்டில் சாணி மெழுகிய மண் தரை.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மூன்றாம் வகுப்பு. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. வந்தவள் துணிப்பையைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இங்குட்டு வாங்க. அம்மாவைக் கூப்பிடாதீக."

"பையில என்ன?"

"தொறந்தா ஓடிரும். மெதுவாப் பாருங்க."

பார்த்தேன். சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு ஓணான். எங்கள் தெருக் கோடியில் கருவை வேலி உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு அங்கே ஓணான் பிடிப்பார்கள். பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி வைத்து, அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவள் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எப்படித் தாயி குடுத்தாங்கெ?"

"குடுக்கல. எங்க மாமா கொத்தனாரு, கரணையோட வந்து மூக்கை அறுத்துருவாருன்னு சொன்னேன். போட்டுட்டு ஓடிட்டாங்கெ."

ஓணானின் பின்னங்கால் ஒன்று கல்லடி பட்டு வீங்கியிருந்தது. இழுத்து இழுத்துத்தான் நகர்ந்தது. வேலியில் திரும்பக் கொண்டுபோய் விட்டால் மறுநாள் அதே சுருக்கில் மாட்டும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கால் சரியாகுற வரைக்கும் வச்சுக்கிறேன்பா. அதுக்கப்புறமும் வச்சுக்கிறேன்பா," என்றாள்.

அதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். அவளுக்குக் கோழிகள் உண்டு. கோழியைத் தவிர வேறு எந்தச் சீவனையும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். மகள் ஒரு நாய்க்குட்டிக்காக ஒரு வருசமாக மன்றாடிக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

"நாயி கேட்டா, பூனை கேட்டா. கடைசியில வந்து நிக்கிற சாமியப் பாருங்க," என்றாள் மனைவி. "நீங்களும் அதைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கீக."

"கால் ஒடிஞ்சிருக்கும்மா," என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

மனைவி குனிந்து அந்த வீங்கிய காலைப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "சரி, வச்சுக்க. ஆனா ஒண்ணு. இது இங்க செத்துக் கெடந்துச்சுன்னு வையி, அன்னைக்கோட சரி. கோழியத் தவிர எந்த உசுரும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. நாயின்னு வாயத் தொறக்கக் கூடாது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு பொறுப்பு முழுக்க என் தலையில் வந்து இறங்கிவிட்டது. சரக்கு இறக்கிப் பழகினவன்தானே, தாங்கிக்கொண்டேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். நெற்குப்பை என்கிற ஊரில் ஒரு பெரிய வீட்டில் பழைய சாமான்களைக் கழித்தபோது கம்பிவலை அலமாரி ஒன்று எங்கள் கிட்டங்கிக்கு வந்து மூலையில் கிடந்தது. பாலும் கறியும் பூனை உருட்டாமல் வைக்கிற அலமாரி. பர்மாத் தேக்கு. சுற்றிலும் கம்பிவலை. ஒரு பக்கத்து வலை துருப்பிடித்திருந்ததால் யாரும் சீண்டவில்லை. கேட்டேன், கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, துருப்பிடித்த பக்கத்துக்குப் புது வலை அடித்தேன். உள்ளே இருந்த தட்டுகளை எடுத்துவிட்டு, ஒரு கருவேலங் கிளையைச் சாய்வாக நிறுத்தினேன். கிளையின் மேல் நுனி வெயிலில் இருக்க வேண்டும், அடி நுனி நிழலில் இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓணான் காலையில் வேலி உச்சியில் உட்கார்ந்து வெயில் காய்வதையும், உச்சி நேரத்தில் கீழே இறங்கி நிழலில் பதுங்குவதையும் சின்ன வயசிலிருந்து பார்த்தவன்தானே நான். அலமாரியைக் கொல்லையில் கிழக்குப் பார்த்து வைத்தேன். கூரைச் சார்ப்பு பாதிக்கு வருகிற மாதிரி இடம் பார்த்தேன். பாதி வெயில், பாதி நிழல். அதற்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அலமாரிக் கால் நாலையும் தண்ணீர் ஊற்றிய கல் கிண்ணங்களில் நிறுத்தினேன். எறும்பு ஏறிப் புண் காலை அரிக்கக் கூடாது என்பதற்காக.

தண்ணீர் விஷயத்தில்தான் முதலில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மகள் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தாள். ஓணான் திரும்பிப் பார்க்கவில்லை. வாயருகே கொண்டுபோய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டது. நான் ஒரு வேப்பங்கொத்தை உள்ளே செருகி, வாசல் தெளிக்கிற மாதிரி கையால் தண்ணீர் தெளித்தேன். இலையில் நின்ற துளியை நாக்கை நீட்டி நக்கிற்று.

"இவரு டம்ளர்ல குடிக்க மாட்டாராம், இலையிலதான் குடிப்பாராம்," என்று மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். ஆனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி, கரையான், பாச்சை. சோறு வைக்காதீர்கள் பிள்ளைகளே. சோறு நமக்கு. ஓணானுக்கு ஓடுகிற சாப்பாடுதான் சாப்பாடு. மகள் காலையில் கண்மாய்க் கரைக்குப் போய் டப்பாவில் வெட்டுக்கிளி பிடித்து வருவாள். உள்ளே விட்டதும் ஓணான் தலையைச் சாய்த்து ஒரு பக்கக் கண்ணால் பார்க்கும். இரண்டு தரம் தலையை ஆட்டும். பிறகு ஒரே பாய்ச்சல். அந்தத் தலையாட்டலையும் அந்த ஓரப் பார்வையையும் பார்த்துவிட்டு மகள் அதற்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்தாள். பாடம் ஒப்பிக்கும்போது அவள் வாத்தியார் அப்படித்தான் பார்ப்பாராம்.

வாத்தியாருக்கு வீக்கம் வற்றத் தொடங்கிற்று. வயிறும் நன்றாக உப்பிற்று. நான் கிட்டங்கியில் எல்லாரிடமும் சொன்னேன். "சாப்பாடு போடுறதுன்னா அப்படிப் போடணும். வந்தப்ப ஈர்க்குச்சி, இப்ப பூசணிக்காய்."

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வேலை முடிந்தபின் அந்த அலமாரியைச் சுற்றி வந்து பார்த்தேன். பர்மாத் தேக்கு, புது வலை, கிளை, கொத்து, எல்லாம் சரி. தரைதான் வெறும் பலகையாக இருந்தது. எங்கள் ஊரில் வீடு என்றால் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். பெண் கொடுக்கப் போகிற இடத்தில்கூடத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டங்கியில் ஓரம் உடைந்து கழித்த கல் எப்போதும் கிடக்கும். சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட நாலு கல்லை எடுத்துக்கொண்டு, என் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர்தான் மகள் சொன்ன அந்தக் கொத்தனார் மாமா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்.

அவர் அலமாரியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். என் வீட்டு மண் தரையைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, என் தங்கச்சி இன்னும் சாணி போட்டு மெழுகிக்கிட்டு இருக்கா. ஓணானுக்கு ஆத்தங்குடிக் கல்லா?"

"அது விருந்தாளி மச்சான்."

"கிரகப்பிரவேசத்துக்கு எப்பப் பாலு காய்ச்சுறீக? பந்தியில வெட்டுக்கிளிதான?"

கேலி பேசினாலும் கைவேலையில் விளையாட மாட்டார். அந்தச் சின்ன அலமாரிக்குள் குனிந்து, நூல் பிடித்து, சிமெண்டு குழைத்து, நாலு கல்லையும் பதித்தார். நடுவில் பூ முழுசாக மலர்ந்தது. காய்ந்தபின் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். முகம் பார்க்கலாம் போல மின்னிற்று. "எங்கையால பதிச்ச கல்லு, இந்த அலமாரி மக்குனாலும் பேராது," என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று விவரம் சொன்னேன்.

வாத்தியாரைத் தூக்கித் திரும்ப உள்ளே விட்டோம். விட்டதும் நாலு காலும் நாலு திசைக்குப் போக, வயிறு தரையில் படியக் கிடந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா, வாத்தியாரு வழுக்கி விழுந்துட்டாரு!" நானும் சிரித்தேன். புதுத் தரை, பழகிவிடும் என்று நினைத்தேன்.

பழகவில்லை. மறுநாள் காலையில் வெட்டுக்கிளி விட்டோம். வாத்தியார் பார்த்தார், தலையை ஆட்டவில்லை. வெட்டுக்கிளி அவர் முதுகு மேலேயே ஏறி உட்கார்ந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கிளையில் ஏறாமல் மூலையில் கிடந்தது. வழக்கமாகக் காலையில் கறுத்துக் கிடந்தாலும் வெயில் ஏற ஏற மேனி வெளுத்துவிடும். இப்போது உச்சி நேரத்திலும் கறுத்தே கிடந்தது. நடுநடுவே எழுந்து, முன்னங்காலால் கல்லைப் பிறாண்டும். கிறீச் கிறீச் என்று அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். களைத்துப் படுக்கும். வேறு மூலைக்குப் போய்த் திரும்பவும் பிறாண்டும்.

நான் பயந்துவிடவில்லை. ஒன்று ஒன்றாகச் சரி பார்த்தேன். குளிர்ச்சி அதிகமோ என்று அலமாரியை முழு வெயிலுக்கு நகர்த்தினேன். வெயில் அதிகமோ என்று சாக்குப் போட்டேன். வெட்டுக்கிளி சலித்துவிட்டதோ என்று புற்றை உடைத்துக் கரையான் கொண்டுவந்தேன். கால் புண் உள்ளே சீழ் வைத்ததோ என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். தரையை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. அவ்வளவு நல்ல தரையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் ஓடி வந்தாள். 

"அப்பா, கல்லுல ரத்தம்."

போய்ப் பார்த்தேன். பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகம் ஒன்று பெயர்ந்திருந்தது. பூவின் பச்சை இதழ் மேல் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. வாத்தியார் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"செத்துப் போயிருமாப்பா?"

"சாகாது தாயி."

"சத்தியமா?"

சத்தியம் பண்ணாமல், பெயர்ந்த நகத்துக்கு மஞ்சள் குழைத்து வைத்தேன். அவள் அலமாரிக் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட வரவில்லை. மனைவி சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்கே வந்தாள். "தின்னாத ஓணானுக்குத் தின்னாத பிள்ளை காவலா," என்று திட்டிக்கொண்டே வந்தவள், பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். வாத்தியார் அப்போது மறுபடி எழுந்து மூலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பிறாண்டிவிட்டு, திரும்பி, வாலை அந்த மூலையில் வைத்துப் பார்த்தது. சரிப்படாமல் அடுத்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது.

"எத்தன நாளா இப்படி மூலை மூலையாப் போகுது?"

"கல்லுப் பதிச்ச நாள்ல இருந்து."

"வயிறு?"

"அது நான் போட்ட சாப்பாட்டுல..."

"உங்க சாப்பாட்டுல! ஏங்க, வெவரம் தெரியாம எம்புட்டு ஆளுக கிட்டப் பெருமையடிச்சீக. ரெண்டு பக்கமும் புடைச்சு நிக்குது பாருங்க, புளியங்கொட்டைய மடியில கட்டுன மாதிரி. இது பொட்டை. முட்டையோட இருக்கு. என் கோழி முட்டைக்கு எடம் தேடுறப்ப இப்படித்தான் தீனி எடுக்காது, மூலை மூலையா அலையும். நீங்க இதுக்குக் கல்லு மேல கல்லா வச்சுப் பூசி வச்சிருக்கீக. மண்ணு எங்க இருக்கு, இது தோண்ட?"

நான் அலமாரியைப் பார்த்தேன். பூ பளபளவென்று மின்னிற்று.

மகள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். "அம்மா, வாத்தியாரு முட்டையிடுமா?"

"எடம் குடுத்தா இடும். குடுக்கலேன்னா முட்டை உள்ள கட்டிக்கிட்டுச் செத்துப்போகும். கோழியில பாத்திருக்கேன்."

சாகும் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டதும் மண்வெட்டியை எடுத்தேன். முதலில் அவசரத்துக்கு ஒரு சட்டி மண்ணை எடுத்துக் கல் மேல் கொட்டினேன். ஓணான் உடனே வந்து தோண்டிற்று. நாலு விரல் ஆழத்தில் கல் தட்டிற்று. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ஓரக் கண்ணால்தான். இன்னும் மண் போடலாம் என்றால் கதவு திறக்கிற இடம் தாழ்வு, மண்ணெல்லாம் வெளியே சரிந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. இந்த வீட்டுக்கு நல்ல தரை வேண்டாம். தரையே வேண்டாம். அடிப்பலகையோடு தரையைப் பெயர்த்துவிட்டு, அலமாரியை அப்படியே மண்ணில் உட்கார வைக்க வேண்டும்.

மகளை விட்டு மச்சானைக் கூட்டி வரச் சொன்னேன். அவர் உளியும் சுத்தியலுமாக வந்தார்.

"என்ன மாப்ளே, விருந்தாளிக்குக் கல்லு கலர் பிடிக்கலையா?"

"பேத்து எடுக்கணும் மச்சான். இப்பவே."

"நான் பதிச்ச கல்லையா?"

"மாமா, முட்டை உள்ள கட்டிக்கிட்டா டீச்சர் செத்துப்போகும்," என்றாள் மகள். வாத்தியார் அந்த நிமிசத்திலேயே டீச்சர் ஆகிவிட்டார்.

மச்சான் கேலியை நிறுத்திக்கொண்டார். ஓணானை எதில் வைப்பது என்று பார்த்தோம். மனைவி உள்ளே போய், விசேசத்துக்கு மட்டும் எடுக்கிற தன் ஓலைக் கொட்டானைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் வைத்து மூடினோம். மச்சான் உளியை வைத்து அடித்தார். கல் அசையவில்லை. அவர் கைவேலை அப்படி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் பதிச்சது ஒரு குத்தமா," என்று முனகினார். நான் கொல்லை மண்ணில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். எங்கள் பக்கத்துச் செம்மண் இறுகிக் கிடக்கும், ஓணான் நகம் ஏறாது. அதனால் தோண்டின செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து திரும்பக் குழியில் போட்டேன்.

"ஈரம் வேணுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தள்ளுங்க," என்று அவளே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மண்ணைப் பிசறினாள். புட்டுக்கு மாவு பிசறுகிற பதம். கையில் பிடித்தால் பிடிக்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பிள்ளைகளே, இந்தப் பதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சரியாக எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அதற்குள் மூன்று கல் சில்லுச் சில்லாகி வெளியே வந்தன. நாலாவது மட்டும் எப்படியோ முழுசாகப் பெயர்ந்தது. அடிப்பலகையை மச்சான் ஒரே உதையில் கழற்றினார். அலமாரிக் கால் நாலையும் அறுத்துவிட்டு, அதைக் குழி மேல் உட்கார்த்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கி மண் அணைத்தோம். எலி, பெருச்சாளி பறித்துக்கொண்டு வராமல் இருக்க அந்தச் செங்கல். எறும்புக்கு வைத்த கிண்ணம் இப்போது பயனில்லை, செங்கல்லைச் சுற்றிச் சாம்பல் தூவினோம். வலை மேல் சாக்குப் போட்டு, டீச்சரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"யாரும் கிட்டப் போகக் கூடாது. கோழியும் ஆளு பாத்தா இடாது," என்றாள் மனைவி. சொன்னவள் சாக்கு ஓட்டை வழியாக முதலில் எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் அது கிளைக்கடியில் அப்படியே கிடந்தது. மகள் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அது நகர்ந்தது. மண்ணை மூக்கால் தொட்டுப் பார்த்தது. முன்னங்காலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தது. மண் வந்தது. இன்னொரு இழுப்பு. நகம் பெயர்ந்த காலையும் சேர்த்துத்தான் தோண்டிற்று. தலை மறைந்தது, தோள் மறைந்தது, வால் மட்டும் வெளியே நின்றது. கல் தட்டவில்லை.

மத்தியானம் நாங்கள் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மாற்றி மாற்றிச் சாக்கு ஓட்டைக்குப் போனோம். வேலை முடிந்தும் மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. தோண்டி முடித்த ஓணான் திரும்பி, பின்பக்கத்தைக் குழிக்குள் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டது.

"வெள்ளையா, அப்பா! ஒண்ணு, அங்குட்டு இன்னொண்ணு," என்று மகள் கிசுகிசுத்தாள். அதற்கு மேல் எண்ண விடாமல் அம்மா அவளைப் பின்னால் இழுத்துவிட்டாள். கண் பட்டுவிடுமாம்.

வெயில் சாய்ந்த பிறகு ஓணான் வெளியே வந்தது. வயிறு ஒட்டி, தோல் தொங்கிப்போய் இருந்தது. ஆனால் ஓய்வெடுக்கவில்லை. தோண்டின மண்ணையெல்லாம் குழிக்குள் தள்ளிற்று. தள்ளிவிட்டு, தலையைத் தூக்கித் தூக்கி மூக்கால் மண்ணைக் குத்திக் குத்தி இறுக்கிற்று. ஓரத்தில் குத்தும், நடுவில் குத்தும், திரும்ப ஓரத்துக்கு வரும்.

மச்சான் சாக்கு ஓட்டையை விட்டு நகரவே இல்லை.

"மாப்ளே, இங்க வந்து பாருங்க. மண்ணு இறுகத் திமிசுக் கட்டை போடுதுய்யா. ஓரத்தைக் கட்டிட்டு நடுவுக்கு வருது பாருங்க. எங்கிட்ட வேலைக்கு வர்ற சித்தாளு இப்படிப் போட மாட்டேங்கிறான்." கண்ணை எடுக்காமலே, "இதுக்குத் தரை போட வந்தேன் பாருங்க நான்," என்றார்.

முடித்ததும் அங்கே முட்டை இருக்கிற அடையாளமே தெரியவில்லை. டீச்சர் மெதுவாகக் கிளையில் ஏறிற்று. நான் வேப்பங்கொத்தில் தண்ணீர் தெளித்தேன். துளித் துளியாக நக்கிக் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில், மேனி வெளுத்து, கிளையின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. மகள் டப்பாவைத் திறந்து வெட்டுக்கிளியை விட்டாள். டீச்சர் தலையைச் சாய்த்தது, ஓரக் கண்ணால் பார்த்தது, இரண்டு தரம் தலையை ஆட்டிற்று. வெட்டுக்கிளியைக் காணோம்.

"தின்னுருச்சும்மா!" என்று மகள் போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் பறந்தது.

"தின்னுச்சுல்ல, இனி நீ தின்னு," என்றாள் மனைவி. வாசப்படியைப் பற்றி அவள் அதற்கப்புறம் பேசவில்லை. அடைமழை தொடங்குகிற வரைக்கும் அந்த மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துப் பதம் பார்த்தது அவள்தான். என்னைத் தெளிக்க விடவில்லை, நான் ஊற்றிவிடுவேனாம். ஐப்பசியில் ஒரு காலை விரல் நீளத்துக்குக் குஞ்சுகள் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தாய் பசியில் பிடித்துத் தின்றுவிடும் என்று, அவற்றைக் கொட்டானில் எடுத்துப்போய்ப் பையன்கள் வராத கண்மாய்ப் பக்கத்து வேலியில் விட்டோம். டீச்சர் எங்களோடு இருந்தது. கால் கொஞ்சம் சாய்வாகவே கூடிற்று, ஆனால் பாய்ச்சலில் குறை இல்லை. அடுத்த தை மாதத்தில் நாய்க்குட்டியும் வந்தது.

பிறகு தெருப் பையன்கள் இரண்டு பேர், மூக்குப்பொடி வைத்த அதே பையன்கள், எங்கள் வீட்டுக்கு வந்து ஓணான் வீடு எப்படிக் கட்டுவது என்று கேட்டார்கள். மகள் என்னைக் கூப்பிடவில்லை, அவளே சொன்னாள். வெயில் பாதி, நிழல் பாதி. தண்ணி இலையில. தின்ன ஓடுறதுதான். கீழ முழங்கை ஆழத்துக்கு மண்ணு, புட்டு மாவுப் பதம். ஒரு வார்த்தை நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

முழுசாகப் பெயர்ந்த அந்த ஒரு கல்லை மச்சான் வீணாக்க மனசில்லாமல் எங்கள் அடுப்படி நிலைக்கு முன்னால் பதித்துக் கொடுத்தார். சுற்றிலும் சாணி மெழுகிய தரை, நடுவில் கால்வாசிப் பூ. பார்க்க வருகிறவர்கள், "என்னங்க, ஒரே ஒரு கல்லைப் போட்டு நிறுத்திட்டீக?" என்று கேட்பார்கள்.

"அது டீச்சர் வேணாமுன்னு சொன்ன கல்லு," என்பாள் என் மனைவி.